மஞ்சள் அட்டை நல்ல சரக்கு, கடைதான் சரியில்லை

மஞ்சள் காய்ச்சல் என்பது கொசு பரப்பும் ஒரு வைரஸ் நோய்; அதற்கான தடுப்பூசி போட்டுக்கொண்டால், சில நாடுகளுக்குள் நுழையும்போது காட்டுவதற்காகக் கையில் ஒரு அட்டை கொடுப்பார்களே, அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அட்டையோடு சேர்த்து அதைச் சுற்றி இயங்குபவர்களையும் ஒரு கை பார்த்துவிடலாம்: ஊசி போடும் மையம், டிக்கெட் விற்கும் தளம், தூதரகம், செக்-இன் கவுண்டர். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். அட்டைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், மற்றவர்கள் எல்லோரையும் சேர்த்தால்கூட இரண்டைத் தாண்டாது. காரணம் இதுதான்: உங்களுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை, ஆனால் அது இல்லையென்றால் உங்களை நிறுத்தும் அதிகாரம் எல்லோருக்கும் இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். நாட்டுக்கு நாடு அச்சு கொஞ்சம் மாறும், சில இடங்களில் மடிப்பு அட்டையாக இருக்கும், சில இடங்களில் மெல்லிய சிறு புத்தகமாக. ஆனால் உள்ளே இருக்கும் படிவம் உலகம் முழுக்க ஒன்றுதான். சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்று ஒன்று இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2005-இல் ஏற்றுக்கொண்டு 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருப்பது, 190-க்கும் மேற்பட்ட நாடுகளைக் கட்டுப்படுத்துவது. அதன் ஆறாவது இணைப்பில் இந்தப் படிவம் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருக்கிறது. மேலே பெயர், பிறந்த தேதி, பாலினம், தேசியம், அடையாள ஆவணத்தின் விவரம், உங்கள் கையெழுத்து. கீழே ஒரு அட்டவணை: எந்த நோய்க்கான ஊசி, எந்தத் தேதியில், யார் மேற்பார்வையில், எந்த நிறுவனத் தயாரிப்பு, பேட்ச் எண் என்ன, எதிலிருந்து எதுவரை செல்லும், மையத்தின் முத்திரை. ஒரே பக்கத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்பியிருக்க வேண்டும், கூடவே வேறு மொழியும் இருக்கலாம். பேட்டரி தீர்ந்துபோகாது, பாஸ்வேர்ட் மறந்துபோகாது, சர்வர் படுத்துவிட்டது என்று யாரும் கையை விரிக்க முடியாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேதி எழுதும் முறை. நாளை எண்ணிலும் மாதத்தை எழுத்திலும் எழுத வேண்டும் என்று படிவத்திலேயே வைத்திருக்கிறார்கள். 03-04 என்று எழுதினால் ஒரு நாட்டு அதிகாரிக்கு அது ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. ஒரு மாத வித்தியாசத்தில் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பதே மாறிவிடும் என்பதை யோசித்துச் செய்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். கையெழுத்திலும் அதே கறார்: மேற்பார்வையிட்ட மருத்துவரோ அதிகாரம் பெற்ற சுகாதாரப் பணியாளரோ தன் கையால் போட வேண்டும், கையெழுத்துக்குப் பதிலாக ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் ஏற்கமாட்டார்கள். அடித்தல், திருத்தல், சுரண்டல், ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுதல், இதில் எது இருந்தாலும் அட்டை செல்லாது என்று சொல்ல இடம் இருக்கிறது. ஆளுக்கு ஓர் அட்டை. குழந்தைக்கும் தனி அட்டைதான், எழுதத் தெரியாத வயதென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போடலாம்.

இவ்வளவு கறாராக யோசித்துச் செய்த அட்டையை நிரப்புகிற இடத்தில்தான் சொதப்புகிறார்கள். நான் போன மையத்தில் ஊசி போட்டவர் கைதேர்ந்தவர், குத்தியதே தெரியவில்லை. அட்டையை நிரப்பியவருக்குத்தான் ஏக அவசரம். தடுப்பூசி குப்பியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து பேட்ச் எண் கட்டத்தில் ஒட்டினார், முத்திரை குத்தினார், நீட்டிவிட்டார். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்கிற கட்டம் காலி. “இது காலியா இருக்கே மேடம்” என்றால், “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார், ஊசி போட்ட தேதிதான் இருக்கே” என்கிறார். விடவில்லை, எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். எழுதிக் கொடுத்தவர் முகத்தில் அப்படி ஒரு சலிப்பு. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது சுத்தப் பொய். இறங்கிய இடத்தில் சுகாதார மேசையில் இருந்த அதிகாரி மற்ற எதையும் படிக்கவில்லை, விரலை நேராக அந்தக் கட்டத்தில் வைத்தார், அங்கிருந்து முத்திரைக்கு நகர்த்தினார், பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபார்த்தார், போகச் சொன்னார்.

ஆகவே மையத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, மாதம் எழுத்தில் இருக்கிறதா, பேட்ச் எண் படிக்கும்படி இருக்கிறதா, முத்திரை முழுசாக விழுந்திருக்கிறதா. தப்பு இருந்தால் அதன் மேலேயே திருத்த விடாதீர்கள், புது அட்டை கேளுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

இன்னொரு புகார், இது முழுக்க மையங்களின் தப்பு என்று சொல்ல முடியாது. இந்த ஊசியை எந்த மருத்துவரிடமும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்துப் பெயர் குறித்த மையங்களில் மட்டும்தான், உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட தடுப்பூசியைத்தான் போட வேண்டும் என்பது விதி. அந்த மையங்களும் பல இடங்களில் தினமும் இயங்குவதில்லை, வாரத்தில் சில நாட்கள், அதுவும் முன்பதிவு செய்து. பலருக்கு இது எரிச்சல். காரணம் தெரிந்தால் பாதி எரிச்சல் அடங்கிவிடும்: ஒரே குப்பியில் பல பேருக்கான மருந்து உலர்ந்த பொடியாக இருக்கும், கரைசலைச் சேர்த்துக் கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒற்றை ஆளுக்காகக் குப்பியைத் திறக்க எந்த மையமும் விரும்பாது. அதனால் ஆட்களைச் சேர்த்து ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். புரிகிறது. ஆனால் அதை அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதி வைத்தால் வாசலில் நின்று சண்டை போடுகிறவர்கள் குறைவார்களே.

முன்பதிவு தள்ளிப்போனால் ஏன் பதறுகிறார்கள் என்றால், அட்டை உடனே செல்லாது. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லத் தொடங்கும், உடலில் நோய் எதிர்ப்பு உருவாக அவ்வளவு நாள் ஆகும் என்பதால். அடுத்த வாரம் விமானம் என்று ஓடிவருபவர்களை மையத்தில் ஒன்றும் செய்ய முடியாது, ஊசி போட்ட தேதியை முந்தைய நாளாக எழுதச் சொல்லிக் கெஞ்சுவது அவர்களையும் சிக்கலில் மாட்டிவிடும் வேலை. நல்ல சேதி என்னவென்றால் ஒரு முறை போட்டால் போதும். முன்பெல்லாம் 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2014-இல் உலக சுகாதாரப் பேரவை, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் அவை, அதை மாற்றியது, 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் 10 ஆண்டு முடிவுத் தேதி எழுதியிருந்தாலும் இந்த விதி அதற்கும் பொருந்தும். பழைய அட்டைக்காரர்கள் முடிவுத் தேதியைப் பேனாவால் அடித்துவிட்டு ‘ஆயுள் முழுக்க’ என்று தாங்களே எழுதிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அதுவரை செல்லுபடியாக இருந்த அட்டையை நாமே கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, இந்த அட்டையை யார் கேட்கிறார்கள்? இங்கேதான் கடை சரியில்லை என்று சொன்ன இடம் வருகிறது.

நாடுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை, எங்கிருந்து வந்தாலும் அட்டை வேண்டும் என்பவை: கானா, அங்கோலா, காபோன் போன்ற நாடுகள். இதில் குழப்பமே இல்லை, போகிறோமா, ஊசி போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. அந்த நாடுகளில் பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் நோய் இருக்கும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களிடம் அட்டை கேட்பார்கள். வருவது என்றால் அங்கே தங்கிவிட்டு வருவது மட்டுமில்லை, வழியில் விமானம் மாறுவதும் கணக்கில் வரும். பல நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் டிரான்சிட்டில் இருந்தால் அங்கே இருந்ததாகவே கணக்கு, தென்னாப்பிரிக்கா ஓர் உதாரணம். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடுகள், அதே சமயம் அடிஸ் அபாபாவும் நைரோபியும் விமானம் மாறுகிற பெரிய நிலையங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நீண்ட காத்திருப்பு உள்ள டிக்கெட்டை எடுப்பவர், தான் ஆப்பிரிக்காவுக்கே போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். இறங்கும் நாட்டுக்கோ அவர் போய்விட்டு வந்தவர்தான்.

இந்தியாவின் விதி இன்னும் கடுமையானது. நோய் உள்ள பகுதியை விட்டுக் கிளம்பி 6 நாட்களுக்குள் அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். டிரான்சிட் பயணிக்கும் இது பொருந்தும், விமான நிலையத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்று சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால் மட்டும் விலக்கு. கொடுமை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கொசு கடித்த பின் நோய் வெளியே தெரிய 3 முதல் 6 நாள் ஆகும், அதிலிருந்துதான் அந்த 6 வந்தது. டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசுதான் இதையும் பரப்பும். ஆசியாவின் பல பகுதிகளில் அந்தக் கொசு இருக்கிறது, நோய் மட்டும் இன்னும் வந்து உட்காரவில்லை. 2016-இல் அங்கோலாவில் பெரிய அளவில் பரவியபோது அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் மூலம் சீனாவில் 11 பேருக்கு உறுதியானது, ஆசியாவில் அப்படிப் பதிவானது அதுதான் முதல் முறை. ஊசி அட்டை கேட்பது வெறும் காகிதச் சடங்கு என்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

என் கோபம் விதி மேல் இல்லை, விதியைச் சொல்லாமல் டிக்கெட் விற்பவர்கள் மேல். காத்திருப்பு 14 மணி நேரம் என்று பெருமையாகப் போடுகிறார்கள், ஓய்வறை வேண்டுமா, கூடுதல் பெட்டி வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று ஒவ்வொரு பக்கமாக மறித்து மறித்துக் கேட்கிறார்கள், இந்த வழியாகப் போனால் மஞ்சள் அட்டை கேட்பார்கள் என்று ஒரே ஒரு வரி போட அவர்களால் முடியவில்லை. நான் வாங்கிய தளத்தில் அப்படி எதுவும் இல்லை. கீழே பொடி எழுத்தில், பயண ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு. அவ்வளவுதான். வாடிக்கையாளர் சேவைக்கு அடித்துக் கேட்டால் தூதரகத்தைக் கேளுங்கள் என்றார்கள். தூதரகத் தளத்தில் விசா பற்றி மூச்சுமுட்ட எழுதியிருந்தது, சுகாதாரம் பற்றி ஒரு பத்தி, அதில் கோவிட் காலத்து அறிவிப்பை இன்னும் எடுக்கவே இல்லை.

அப்படியென்றால் எதைத்தான் நம்புவது? கவுண்டரில் இருப்பவர் பார்க்கும் திரையை. விமான நிறுவனங்களில் கவுண்டர் ஊழியர் தன் ஞாபகத்திலிருந்து உங்களை ஏற்றுவதோ நிறுத்துவதோ இல்லை. டிமாட்டிக் என்று ஒரு தரவுத்தளம், ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது, பாஸ்போர்ட், விசா, சுகாதாரம் எல்லா விதிகளும் அதில் நாடு வாரியாக இருக்கும். உங்கள் தேசியம், கிளம்பும் இடம், மாறும் இடம், சேரும் இடம் இதையெல்லாம் போட்டால் என்ன காகிதம் வேண்டும் என்று பதில் வரும். ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் திருப்பிக் கூட்டிவரும் செலவு விமான நிறுவனத்தின் தலையில், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் உங்கள் விளக்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் திரை சொல்வதை மீறி போர்டிங் பாஸ் கொடுக்க மாட்டார்கள். இதே தகவலைப் பயணிகளும் பார்க்கும்படி ஐயாட்டாவின் பயண மையத் தளத்திலும் சில விமான நிறுவனங்களின் தளங்களிலும் வைத்திருக்கிறார்கள்.

டிமாட்டிக் பற்றித் தனியாகச் சொன்னால், உபயோகமான கருவி, அழகு மட்டும் கிடையாது. தந்தி பாஷையில் எழுதியிருப்பார்கள், நிபந்தனைக்குள் நிபந்தனை, விலக்குக்குள் விலக்கு. முதல் தடவை படிப்பவருக்குத் தலை சுற்றும். டிரான்சிட் ஊரை விடாமல் போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, கிளம்பும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் தேவையில்லையாம் என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள்தான் கவுண்டரில் மாட்டுகிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள், நடுவில் எங்காவது நோய் பரவினால் விதி மாறிவிடும். உலக சுகாதார நிறுவனமும் நாடு வாரியாக ஒரு பட்டியல் வெளியிடுகிறது, அது எனக்குப் படிக்க இன்னும் தெளிவாக இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். இரண்டும் முரண்பட்டால்? கவுண்டரில் செல்லுபடியாவது டிமாட்டிக்தான். கடுமையாக இருப்பது எதுவோ அதன்படி தயாராகிவிடுவேன்.

ஊசி போட முடியாதவர்கள் கதை தனி, இந்த மொத்த ஏற்பாட்டிலேயே பலவீனமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். இது உயிருள்ள, வலுக் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்டு செய்த தடுப்பூசி. மாக்ஸ் தைலரும் அவருடைய குழுவும் 1930-களில் உருவாக்கிய 17டி வகை, அதற்காகத்தான் அவருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது, இன்றைக்கும் அதன் வழிவந்ததையே போடுகிறோம். முட்டையில் வளர்த்துச் செய்வதால் முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. நோய் எதிர்ப்பு மிகவும் குறைந்தவர்களுக்கும் தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது, 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் போடவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், முதல் முறையாகப் போட்டுக்கொள்ளும் முதியவர்களுக்கு அரிதாகக் கடுமையான பக்க விளைவு வந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி விலக்குக் கடிதம் தரலாம்.

ஆனால் அந்தக் கடிதத்தை இறங்கும் நாட்டு அதிகாரிகள் ‘கருத்தில் கொள்ள வேண்டும்’ என்று மட்டும்தான் விதி சொல்கிறது. ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. கருத்தில் கொண்டுவிட்டுத் திருப்பியும் அனுப்பலாம், கண்காணிப்பில் வைக்கலாம், சில நாள் உடல்நிலையைத் தெரிவிக்கச் சொல்லலாம். அறுபத்தைந்து வயது அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர் எந்த நம்பிக்கையில் டிக்கெட் எடுப்பார்? போகும் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. அதையும் விட நல்லது, முடிந்தால் நோய்ப் பட்டியலில் உள்ள நாட்டு வழியே போகாத டிக்கெட்டாக எடுப்பது.

அட்டையில் மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும் இடம் என்று நினைப்பவர்கள் நிறைய. கீழே காலி வரிகள் இருக்கும், அவை சும்மா இல்லை. போலியோ வைரஸ் இன்னும் சுற்றும் சில நாடுகளில் வசிப்பவர்களும், அங்கே 4 வாரத்துக்கு மேல் தங்கியவர்களும், வெளிநாடு கிளம்புவதற்கு 4 வாரம் முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணை போலியோ மருந்து எடுத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது, அதை இதே அட்டையில்தான் பதிய வேண்டும். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு சவுதி அரேபியா மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கேட்கும், ஏ, சி, ஒய், டபிள்யூ என்ற நான்கு வகைக்கும் சேர்த்துப் போடுவது, போய்ச் சேர்வதற்கு 10 நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கான்ஜுகேட் வகைத் தடுப்பூசி என்றால் 5 ஆண்டு செல்லும், பாலிசாக்கரைடு வகை என்றால் 3 ஆண்டுதான். எந்த வகை என்று சான்றிதழில் எழுதாவிட்டால் 3 ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். போட்டதோ விலை கூடிய கான்ஜுகேட், நிரப்பியவர் அந்த ஒற்றைச் சொல்லை எழுதாததால் இரண்டு ஆண்டு போச்சு. மறுபடியும் அதே நிரப்புகிறவர் பிரச்சினைதான்.

டிஜிட்டல் எங்கே என்று கேட்பீர்கள். கோவிட் காலத்தில் எல்லோரும் பட்டபாடு தெரிந்ததுதான், நாட்டுக்கு ஒரு செயலி, விமான நிறுவனத்துக்கு ஒரு செயலி, 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவு, அதைப் பதிவேற்ற ஒரு தளம், அந்தத் தளம் ஏற்காத ஃபைல் வடிவம். அந்தக் கூத்தில் உருப்படியாக இருந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் கியூஆர் சான்றிதழ்தான் என்பேன். 2021 ஜூலையில் தொடங்கி 2023 ஜூன் இறுதி வரை ஓடியது, காகிதத்தில் அச்சடித்தாலும் ஃபோனில் காட்டினாலும் ஒரே கியூஆர் குறியீடு, ஒன்றியத்தின் எல்லா நாட்டிலும் வேலை செய்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 2024 ஜூன் 1-இல் சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தியபோது டிஜிட்டல் சுகாதார ஆவணங்களுக்கும் இடம் கொடுத்தார்கள், 2025 செப்டம்பர் 19 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நல்லதுதான், போலி அட்டை அச்சடித்து விற்பவர்களுக்கு ஆப்பு வைக்க கியூஆர் உதவும். இருந்தாலும் நெட்வொர்க் இல்லாத ஒரு சிறிய எல்லைச் சாவடியில் நான் எதை நீட்ட விரும்புவேன் என்றால் காகிதத்தைத்தான்.

காகிதத்தின் குறை தெரிந்ததே, தொலைந்தால் தொலைந்தது. அட்டையில் நான் அரை மதிப்பெண் குறைத்தது இதற்குத்தான். இரு பக்கமும் தெளிவாகப் புகைப்படம் எடுத்து ஃபோனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்பதற்காக இல்லை, மாற்று அட்டை கேட்டு மையத்துக்குப் போகும்போது தேதியும் பேட்ச் எண்ணும் இருந்தால் அவர்கள் பதிவேட்டில் தேடிப்பிடிப்பது சுலபம் என்பதற்காக. லேமினேட் செய்யாதீர்கள், அடுத்த தடுப்பூசியை எழுத வேண்டிய வரிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

மஞ்சள் அட்டையோடு காகித வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது, இதைப் பற்றி மூச்சு விடுபவர்களே குறைவு. ஒரு நாட்டில் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் கடத்தல் பொருள். ஜப்பானில் 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபெட்ரின் (மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்து) உள்ள சளி மருந்தைக் கொண்டுபோகக் கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சாதாரண மாத்திரைகூட ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். கோடீன், டிராமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆன்லைனில் முன் அனுமதி எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் அப்படிப்பட்ட மருந்தோடு நாடு மாறுவதற்கு ஒரு தனிச் சான்றிதழ் உண்டு, 30 நாள் வரைதான் செல்லும். மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் அளவையும் போட்டு மருத்துவர் கடிதம் ஒன்று, மாத்திரை அதன் சொந்த அட்டையிலேயே, கைப்பையில். கர்ப்பிணிகள் என்றால் 28 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றமாட்டார்கள், இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், வாங்கும்போது அவசர சிகிச்சையோடு சொந்த நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் வருகைப் படிவங்கள். விமானம் ஏறுவதற்கு முன் ஆன்லைனில் நிரப்பச் சொல்வது இப்போது பெருகிவிட்டது. சிங்கப்பூரின் வருகை அட்டையில் உடல்நல அறிவிப்பும் சேர்ந்தே இருக்கிறது, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் இதேபோல ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டது. இரண்டும் இலவசம். ஆனால் தேடுபொறியில் பெயரைப் போட்டால் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு, அதே நிறம், அதே எழுத்து, கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்கும் தளங்களும் வந்து நிற்கின்றன. சில தளங்கள் உங்கள் படிவத்தை நிஜமாகவே சமர்ப்பித்துவிட்டுக் காசு எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் காசும் போகும், பாஸ்போர்ட் விவரமும் போகும், படிவம் மட்டும் போய்ச் சேராது. முகவரியைக் குடியேற்றத் துறையின் தளத்திலிருந்தே எடுங்கள், இலவசப் படிவத்துக்குக் கட்டணம் கேட்டால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்.